ஒரு நாள் எங்கே போயிற்று?

கிள்ளானிலிருந்து பந்திங்குக்குப் போகும் சாலையில் தெலுக் பங்ளிமா காராங்கைத் தாண்டினால் ஜெஞ்சாரோம் வந்துவிடும். சீனர்களின் புதுக் கிராமம். சுற்றிலும் செம்பனைக் காடு. சீனப் புத்தாண்டுக் காலத்தில் அங்குள்ள டோங் ஸென் பௌத்த ஆலயத்தின் விளக்கு அலங்காரத்தைப் பார்க்க ஊர் ஊராக மக்கள் வந்து குவிவார்கள். மற்ற நாட்களில் அமைதியான ஊர்தான்.

அந்த வட்டாரத்தில் என் பெரியம்மா இருக்கிறார். இளமையில் பால் மரம் வெட்டியவர். இப்போது மகள் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு காலத்தைக் கழிக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே குரல் வந்துவிட்டது.

“வாய்யா, வா! நீ பத்திரிகையில எழுதறவனாச்சே, இந்த அநியாயத்தக் கேளு. என் பேத்தி பொறந்த நாளே இல்லையாம்!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தேநீர் வந்தது, கதையும் வந்தது.

பேத்தி ஓர் அலுவலகத்தில் பெயர் பதிவதற்காக ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். பெரியம்மாவும் துணைக்குப் போயிருக்கிறார். முகப்பில் இருந்த பெண் அடையாள அட்டையை வாங்கி எண்ணைத் தட்டினாளாம். கணினி ஏற்கவில்லை. ‘பிறந்த தேதி செல்லாது’ என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றதாம். மூன்று முறை தட்டியும் அதே பதில். காரணம், பேத்தி பிறந்தது 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29.

“அப்படி ஒரு தேதியே இல்லைன்னு கம்ப்யூட்டர் சொல்லுது பாட்டி. இருபத்தெட்டுன்னு போட்டுடலாமா?” என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். நல்ல மனத்தோடுதான் கேட்டிருக்கிறாள்.

பெரியம்மா விடவில்லை. “என் பேத்தி பொறந்த நாளே இல்லேன்னா, நான் ஆஸ்பத்திரி வாசல்ல விடிய விடிய உட்கார்ந்திருந்தது எந்த நாளும்மா?” என்று கேட்டுவிட்டாராம்!

கேட்டுச் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இது சிரிப்பதற்குரிய காரியமல்ல. பிறப்புப் பத்திரத்தில் ஒரு தேதி, அடையாள அட்டையில் ஒரு தேதி, சேமநிதியில் இன்னொரு தேதி என்று ஆகிவிட்டால் என்ன பாடு என்பது நம் தோட்டத்துக் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓர் எழுத்து மாறினாலே ஒன்பது இடத்துக்கு அலைய வேண்டும். “இருபத்தெட்டுன்னு போட்டுக்குங்க” என்று அன்றைக்குத் தலையாட்டியிருந்தால், அந்த ஒரு நாள் பிற்காலத்தில் எங்கெங்கே வந்து குறுக்கே நிற்குமோ! பெரியம்மா பிடிவாதமாக நின்றது சரியே. கடைசியில் மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, தாளில் பாரம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினாராம். ஆனால் அதற்குள் பகல் போயிற்று.

சரி, கணினி ஏன் அப்படிச் சொன்னது? எல்லாம் தெரிந்த இயந்திரம் என்கிறோமே, அதற்குக் காலண்டர் தெரியாதா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவன் பெரியம்மாவின் பேரன். கல்லூரியில் கணினி படிக்கிறான். ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, “மாமா, இதுல தப்பு கம்ப்யூட்டர் மேல இல்ல. அதுக்குச் சொல்லிக் கொடுத்தவங்க மேலதான்” என்று ஆரம்பித்தான். அவன் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான்கால் வகுத்தால் மட்டும் போதாது

பூமி சூரியனை ஒரு முறை சுற்றிவரும் காலத்தைத்தான் நாம் வருடம் என்கிறோம். பருவங்கள் திரும்பி வருவதை வைத்துப் பார்த்தால் அது 365 நாள், 5 மணி, 48 நிமிடம், ஏறக்குறைய 46 விநாடி. முழு நாளாக வந்து முடிவதில்லை. மீதமுள்ள அந்தக் கால் நாளை என்ன செய்வது? நான்கு வருடம் சேர்த்துவைத்தால் ஒரு நாள் ஆகிறது. அந்த நாளைப் பிப்ரவரிக்குக் கொடுத்தார்கள். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் ரோமாபுரியை ஆண்ட ஜூலியஸ் சீசர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கதை.

ஆனால் சரியாகப் பார்த்தால் அது முழுக் கால் நாளும் அல்ல. வருடத்துக்குப் பதினோரு நிமிடம் குறைகிறது. பதினோரு நிமிடம் என்ன பெரிய காரியம் என்று தோன்றும். சிறு துளி பெரு வெள்ளம்! 1582ஆம் ஆண்டுக்குள் பத்து நாள் பிசகிவிட்டது. அப்போது போப்பாண்டவராக இருந்த பதின்மூன்றாம் கிரகோரி காலண்டரைத் திருத்தினார். அந்த ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி வியாழக்கிழமைக்கு மறுநாள், அக்டோபர் 15ஆம் தேதி வெள்ளிக்கிழமை! இடையில் இருந்த பத்துத் தேதிகள் அந்த நாடுகளில் வரவே இல்லை. பிரிட்டன் இந்தத் திருத்தத்தை 1752இல்தான் ஏற்றது. அங்கே செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14.

கிரகோரி வகுத்த விதி இதுதான்.

நான்கால் மீதியின்றி வகுபடும் வருடம் லீப் வருடம்.

ஆனால் நூறால் வகுபட்டால் லீப் வருடம் அல்ல.

அப்படி நூறால் வகுபட்டாலும், நானூறாலும் வகுபட்டால் அது லீப் வருடமே.

நம்மில் பலருக்கு முதல் வரி மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் அதைத்தான் மனத்தில் பதித்தோம். அதன்படி 1900ஆம் ஆண்டும் லீப் வருடமாக வேண்டும். ஆனால் அல்ல, 1900 பிப்ரவரிக்கு 28 நாள்தான். 2000ஆம் ஆண்டு நானூறால் வகுபடுவதால் அதற்கு 29 நாள். இனி வரப்போகும் 2100க்கு மறுபடியும் 28 நாள்தான்.

பேத்தியின் கதை இப்போது விளங்குகிறதா? நம் நாட்டு அடையாள அட்டை எண்ணில் முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். ஆண்டுக்கு இரண்டே இலக்கம். ஆகவே அவளுடைய எண் 000229 என்று தொடங்குகிறது. முதலில் உள்ள 00 என்பது 1900ஆ, 2000ஆ? அந்த அலுவலகத்தில் இருந்தது பழைய ஏற்பாடாக இருக்க வேண்டும் என்றான் பேரன். இரண்டு இலக்க ஆண்டு வந்தால் முன்னால் 19 என்று தானாகப் போட்டுக்கொள்ளும்படி யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். அதன்படி அவள் பிறந்தது 1900 பிப்ரவரி 29. அப்படி ஒரு நாள் உண்மையாகவே கிடையாது! கணினி கணக்கில் தப்பவில்லை. எந்த நூற்றாண்டு என்பதில்தான் தப்பியது.

“நாலால மட்டும் வகுத்துப் பாக்கிற அரைகுறை நிரலா இருந்தா, அக்காவ ஏத்துக்கிட்டிருக்கும் மாமா. ஆனா அக்காவுக்கு வயசு நூத்துக்கு மேலன்னு போட்டிருக்கும்!” என்றான் பேரன். பெரியம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

புதுச்சேரிச் சோதிடரும் கணினியும்

நிரல் என்று ஒரு சொல்லைப் பயன்படுத்தினேன். கணினி என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதிக் கொடுக்கும் கட்டளைப் பட்டியலுக்குத்தான் நிரல் என்று பெயர். சமையல் குறிப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். உப்புப் போடு என்று எழுத மறந்தால், சமைக்கத் தெரிந்த நம் வீட்டுப் பெண்கள் தாமாகவே போட்டுவிடுவார்கள். கணினி போடாது. எழுதியது எதுவோ அது மட்டுமே நடக்கும்.

இதற்கு நம் தமிழர் வரலாற்றிலேயே ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. ஜான் வாரன் என்பவர் நம்மவர்களின் காலக் கணக்கைப் பற்றிக் ‘கால சங்கலித’ என்ற நூலை எழுதி 1825இல் சென்னையில் வெளியிட்டார். அதற்காகப் புதுச்சேரியில் இருந்த ஒரு பஞ்சாங்கக்காரரைக் கண்டு பேசினார். அந்த மனிதர் கையில் தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி வைத்து, மனத்தில் பாடமாக இருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிச் சோழிகளை நகர்த்தி, சந்திர கிரகணம் எப்போது பிடிக்கும் என்று கணித்துக் காட்டினார்! அந்தக் கணக்கு எதனால் அப்படி வருகிறது என்ற தத்துவம் அவருக்குத் தெரியாது என்றும், அபாரமான ஞாபகசக்தியால் முறை பிசகாமல் செய்தார் என்றும் வாரன் எழுதியிருக்கிறார்.

கணினியும் அந்தப் பஞ்சாங்கக்காரரைப் போலத்தான். சோழிக்குப் பதில் மின்சாரம். வாக்கியத்துக்குப் பதில் நிரல். வாக்கியம் சரியாக இருந்தால் கிரகணம் சரியாக வரும். வாக்கியத்தில் ஒரு சொல் பிசகினால், பிசகிய விடையையும் அதே நம்பிக்கையோடு சொல்லும். சந்தேகம் என்பதே அதற்கு வராது. சந்தேகப்பட வேண்டியது நம் வேலை.

பெரியம்மா வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்தாலே காலக் கணக்கு எத்தனை விதம் என்பது தெரியும். ஒரே தாளில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, சீனத் தேதி, இஸ்லாமியத் தேதி! தமிழ் மாதத்துக்குக் கட்டான நாள் கணக்கு இல்லை. சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குப் போகும்போது மாதம் பிறக்கிறது. ஆகவே ஒரு மாதம் 29 நாளிலும் முடியும், 32 நாளுக்கும் நீளும். தனியாக ஒரு லீப் நாள் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. இஸ்லாமிய ஆண்டு 354 நாள். பஞ்சாங்க முறைக் கணக்கில் முப்பது ஆண்டுக்குப் பதினோரு முறை ஒரு நாள் கூடும். சீனர்கள் நாளைச் சேர்ப்பதில்லை. 19 ஆண்டுக்குள் ஏழு முறை ஒரு முழு மாதத்தையே சேர்த்துவிடுகிறார்கள். ஆளுக்கொரு வழி. எதுவும் தப்பில்லை. ஆனால் எந்த வழியில் எண்ண வேண்டும் என்பதைக் கணினிக்கு ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஒரு நாளால் வந்த நஷ்டம்

சொல்லிக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? நடந்த கதைகளைக் கேளுங்கள்.

நியூசிலாந்தின் தென்கோடியில் திவாய் பாயின்ட் என்ற இடத்தில் பெரிய அலுமினியத் தொழிற்சாலை ஒன்று உண்டு. உலோகத்தை உருக்கும் தொட்டிகளின் சூட்டைக் கணினிகள் பார்த்துக்கொண்டிருந்தன. 1996 லீப் வருடம். அந்த ஆண்டு டிசம்பர் 31 என்பது வருடத்தின் 366ஆவது நாள். நிரலை எழுதியவர் வருடத்துக்கு 365 நாள் என்றே வைத்துவிட்டார். அன்று நள்ளிரவில் கணினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோயின. ஆட்கள் ஓடிவந்து கையால் கட்டுப்படுத்துவதற்குள் ஐந்து தொட்டிகள் சூடேறிக் கெட்டுவிட்டன. பத்து லட்சம் நியூசிலாந்து டாலருக்கு மேல் நஷ்டம். இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில் பெல் பே என்ற இடத்தில் இருந்த தொழிற்சாலையிலும் அதே நிரல். அங்கே நேரம் இரண்டு மணி பின்தங்கியது. ஆகவே சரியாக இரண்டு மணி நேரம் கழித்து அங்கேயும் அதே கதை!

2008ஆம் ஆண்டும் லீப் வருடம். அந்த டிசம்பர் 31ஆம் தேதி மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ‘ஸூன்’ என்ற பாட்டுக் கேட்கும் கருவிகளில் ஒரு ரகம் உலகமெங்கும் உறைந்து நின்றது. 366ஆவது நாள் வந்ததும் அடுத்த வருடத்துக்குப் போவதா, இந்த வருடத்திலேயே இருப்பதா என்று தெரியாமல், வழி தவறியவனைப் போல அதன் நிரல் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததுதான் காரணம். மறுநாள் பிறந்த பிறகுதான் அவை வழிக்கு வந்தன.

2012 பிப்ரவரி 29 அன்று அதே நிறுவனத்தின் ‘அசூர்’ என்ற பெரிய கணினிச் சேவை பல மணி நேரம் தடைபட்டது. ஒரு வருடத்துக்குச் செல்லுபடியாகும் சான்று ஒன்றை அது தயாரிக்க வேண்டியிருந்தது. நிரல் என்ன செய்தது? ஆண்டை மட்டும் ஒன்று கூட்டி, 2013 பிப்ரவரி 29 வரை செல்லும் என்று எழுதியது. அப்படி ஒரு நாள் ஏது?

இவையெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2024 பிப்ரவரி 29 அன்று நியூசிலாந்தில் ஆள் இல்லாத பெட்ரோல் நிலையங்களில் அட்டை மூலம் பணம் செலுத்தும் ஏற்பாடு படுத்துவிட்டது. வண்டியில் எண்ணெய் இல்லாமல் சாலையில் நின்றவர்களுக்கு அன்றைக்கு லீப் வருடம் நன்றாகவே விளங்கியிருக்கும்!

கணக்குப் பிள்ளைகள் நாள்தோறும் பயன்படுத்தும் எக்செல் என்ற கணக்கேட்டில்கூட 1900 பிப்ரவரி 29 என்று இல்லாத நாள் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முந்திய லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கேடு 1900ஐ லீப் வருடம் என்று கொண்டது. அதில் போட்ட பழைய கணக்குகள் பொருந்தி வர வேண்டும் என்பதற்காக எக்செல்லும் அந்தத் தப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. ஒரு தப்பு ஊரோடு பழகிவிட்டால் அதை வெளியேற்றுவது எவ்வளவு கடினம் பாருங்கள்!

நம் நாட்டுக்கும் ஒரு விசித்திரம் உண்டு. 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு, தீபகற்ப மலேசியாவில் மணி பதினொன்றரை ஆனதும் கடிகாரங்கள் நள்ளிரவு பன்னிரண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாவதற்காகச் செய்த மாற்றம் அது. ஆக, அந்த நாளுக்கு இருபத்துமூன்றரை மணி நேரம்தான். அந்த இரவையும் தாண்டி நேரம் கணக்கிடும் நிரலுக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் சம்பளத்தில் அந்த ஒரு நாள்

“அதெல்லாம் பெரிய கம்பெனிக் கதை. நமக்கு என்ன?” என்று கேட்கிறீர்களா? நமக்கும் உண்டு.

1955ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. மாதச் சம்பளக்காரர் மாதத்தின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தாலோ விலகினாலோ, மாதச் சம்பளத்தை அந்தச் சம்பளக் காலத்தில் உள்ள நாட்களால் வகுத்து, அவருக்கு உரிய நாட்களால் பெருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. கவனியுங்கள்: அந்தச் சம்பளக் காலத்தில் உள்ள நாட்கள்!

2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று ஆனது. அந்தத் தொகையையே வைத்துக் கணக்குப் பார்ப்போம். ஒருவர் பிப்ரவரி 15ஆம் தேதி வேலைக்குச் சேருகிறார். சாதாரண வருடத்தில் 15 முதல் 28 வரை 14 நாள். 1,700ஐ 28ஆல் வகுத்து 14ஆல் பெருக்கினால் 850 வெள்ளி. லீப் வருடத்தில் 15 முதல் 29 வரை 15 நாள். 1,700ஐ 29ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 879 வெள்ளி 31 காசு. பிப்ரவரிக்கு எப்போதும் 28 நாளே என்று நிரலில் எழுதிவைத்திருந்தால், தொழிலாளிக்கு 29 வெள்ளி 31 காசு குறையும். ஒரு வீட்டில் ஓரிரு நாள் சமையல் செலவு அது. நூறு பேருக்குக் குறைந்தால்?

இன்னொன்று தாய்மார்களுக்கு. அதே திருத்தத்தால் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. ஒரு பெண்ணுக்கு ஜனவரி 10 அன்று விடுப்புத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வருடத்தில் அவருடைய 98ஆவது நாள் ஏப்ரல் 17. லீப் வருடத்தில் பிப்ரவரிக்கு ஒரு நாள் கூடுவதால் ஏப்ரல் 16. வீட்டிலிருப்பவர் ஒரு தேதியும் அலுவலகக் கணினி இன்னொரு தேதியும் வைத்திருந்தால், அந்த ஒரு நாள் ‘வராத நாள்’ என்று ஏட்டில் ஏறிவிடும்.

இங்கே இன்னொரு குழியும் இருக்கிறது. தேதியோடு தேதியைக் கழித்தால் எத்தனை நாள்? ஜனவரி 10ஐ 12லிருந்து கழித்தால் விடை 2. ஆனால் 10, 11, 12 என்று விரல் விட்டு எண்ணினால் மூன்று நாள்! தோட்டத்தில் கன்று நட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு நிரையில் பத்து இடைவெளி இருந்தால் மரங்கள் பதினொன்று. மரத்தை எண்ணுகிறோமா, இடைவெளியை எண்ணுகிறோமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். விடுப்புக் கணக்கில் தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். வெறுமனே கழித்தால் ஒரு நாள் குறைந்துபோகும்.

நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு

இன்று நம் பிள்ளைகள் பலர் கணினி படிக்கிறார்கள். நாளைக்குச் சம்பளக் கணக்கையும் மருத்துவமனைக் கணக்கையும் எழுதப் போகிறவர்கள் அவர்கள்தாம். பேரன் நோட்டில் எழுதிக் காட்டியதை அவர்களுக்காக இங்கே தருகிறேன்.

முதலாவது, தேதிக் கணக்கைத் தானாக எழுத முயல வேண்டாம். எந்தக் கணினி மொழியிலும் அதற்கென்று பலர் சேர்ந்து எழுதி, பல காலம் சோதித்த பகுதி தயாராக இருக்கிறது. அதையே எடுத்தாள வேண்டும். கல்வெட்டு ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொருவரும் சோழர் காலத்துத் தேதியைத் தாமாகக் கணக்கிட்டுக்கொண்டிருக்கவில்லை. எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 700 முதல் 1799 வரைக்கும் கணித்து 1922இல் வெளியிட்ட பெரிய அட்டவணைத் தொகுப்பைத் திறந்து பார்த்தார்கள். அதே புத்திதான் இதற்கும்.

இரண்டாவது, ஆண்டை நான்கு இலக்கத்தில் வைக்க வேண்டும். அடையாள அட்டையிலிருந்து இரண்டு இலக்கம்தான் கிடைக்கிறது என்றால், நூற்றாண்டு எது என்று வேறு ஆதாரத்தைக் கொண்டு உறுதி செய்ய வேண்டும், ஊகிக்கக் கூடாது.

மூன்றாவது, எழுதி முடித்ததும் இன்றைய தேதியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்று எழுந்துவிடக் கூடாது. பிப்ரவரி 28, பிப்ரவரி 29, மார்ச் 1, டிசம்பர் 31 ஆகிய நாட்களைப் போட்டுச் சோதிக்க வேண்டும். 1900, 2000, 2023, 2024, 2100 ஆகிய ஆண்டுகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். பிசகு பதுங்கியிருப்பது அந்த மூலைகளில்தான்.

நான்காவது மிக முக்கியம். பிப்ரவரி 29இல் பிறந்தவருக்குச் சாதாரண வருடத்தில் எந்த நாளில் வயது கூடுகிறது? 28ஆ, மார்ச் 1ஆ? இதற்குக் கணக்கில் விடை இல்லை. தைவானில் சட்டப்படி பிப்ரவரி 28; ஹாங்காங்கில் மார்ச் 1. ஆகவே இது மனிதர்கள் கூடி முடிவு செய்ய வேண்டிய காரியம். அந்த முடிவைக் கேட்டு அறிந்துதான் நிரலில் எழுத வேண்டும். கேட்காமல் எழுதினால், நிரல் எழுதியவரே சட்டம் செய்தவராகிவிடுவார்.

சுவரில் ஒரு கரிக்கோடு

பேரன் பேசி முடித்ததும் பெரியம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு பழைய நாட்களைப் பற்றிப் பேசினார்.

அப்போதெல்லாம் விடியுமுன் பிரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். கிராணியார் பெயரைக் கூப்பிட்டு ஏட்டில் பேர் போடுவார். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வேலைக்குப் போய் வந்த ஒவ்வொரு நாளும் லயத்து அடுப்படிச் சுவரில் கரிக்கட்டையால் ஒரு கோடு போடுவாராம். சம்பள நாளன்று கோட்டை எண்ணிக்கொண்டுதான் போவாராம். ஒரு மாதம் ஏட்டில் ஒரு நாள் குறைந்தது. “ஐயா, என் சுவத்துல இருபத்தஞ்சு கோடு இருக்கு. ஏட்டுல இருபத்துநாலுதான் இருக்கு” என்றாராம். கிராணியார் முதலில் முறைத்தார். பிறகு ஏட்டைத் திருப்பிப் பார்த்தார். மழை பெய்த ஒரு நாளில் பெயர் விட்டுப் போயிருந்தது. திருத்திக் கொடுத்தார்.

“அன்னிக்கு ஏட்டுல எழுதுனாங்க. இன்னிக்கு அந்தப் பெட்டியில எழுதறாங்க. எழுதறது மனுசன்தானே?” என்றார் பெரியம்மா.

நான் இத்தனை நாள் படித்ததையெல்லாம் அந்த ஒரு கேள்வியில் அடக்கிவிட்டார்!

அன்பான வாசகர்களே, கணினியைக் கண்டு பயப்படவும் வேண்டாம், அதைத் தெய்வமாக எண்ணவும் வேண்டாம். சம்பளச் சீட்டு வந்தால் நாட்களை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். விடுப்பு எடுத்தால் தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் வீட்டு நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். எந்த மாதத்துக்கு 31, எதற்கு 30 என்று முஷ்டியை மடக்கி விரல் முட்டியில் எண்ணும் பழைய வழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ‘கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்கிறது’ என்று யாராவது சொன்னால், பணிவோடு, ஆனால் உறுதியோடு, இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். பிறந்த தேதியை மட்டும், வசதிக்காகக்கூட, மாற்றி எழுத ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நான் புறப்படும்போது பேத்தி வாசல் வரை வந்தாள். அடுத்த பிப்ரவரி 29 எப்போது என்று பார்த்தோம். 2028இல், செவ்வாய்க்கிழமை. அவள் பிறந்ததும் செவ்வாய்க்கிழமைதான். அன்றைக்கு அவளுக்கு வயது 28. ஆனால் சொந்தத் தேதியில் வரும் பிறந்தநாள் ஏழாவதுதான்!

“மறக்காம வந்துடணும்யா. அந்த நாளு இருக்கா இல்லையான்னு பெட்டியக் கேட்க வேணாம். நான் சொல்றேன், இருக்கு!” என்றார் பெரியம்மா.

நம்மிடம் இப்போது கரி படிந்த அடுப்படிச் சுவர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கையில் இருக்கும் அந்தக் கரிக்கட்டையை மட்டும் கீழே போட்டுவிட வேண்டாம்.